711ஆம் அறையின் ஆவி

புதிய நூல் வந்தால் விமர்சனம் செய்கிறோம். திரைப்படம் பார்த்துவிட்டு வந்தால், கதை எந்த இடத்தில் இடறுகிறது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுகிறோம். ஆனால் ஆசிரியர் பெயரே இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றி வரும் கதைகளை மட்டும் நாம் விமர்சிப்பதில்லை. ஒன்று, அப்படியே நம்பிவிடுகிறோம்; அல்லது, ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். இரண்டுமே விமர்சனம் ஆகாது. ஒரு கதையில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை, அது எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்று பார்ப்பதுதானே விமர்சனம்?

அத்தகைய கதை ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். அது ஒரு பழைய புகைவண்டி நிலையத்தில் உலாவுவதாகச் சொல்லப்படும் ஆவியின் கதை.

வண்டி போயிற்று, விருந்து வந்தது

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் காரும் விமானமும் பெருகின. புகைவண்டியில் செல்வோர் தொகை வேகமாகக் குறைந்தது. தனியார் இருப்புப்பாதைக் கம்பெனிகள் பயணிகள் வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தின. 1971ஆம் ஆண்டில் அம்ட்ராக் என்னும் அமைப்பு பெரும்பாலான தொலைதூரப் பயணிகள் வண்டிகளை ஏற்று நடத்தத் தொடங்கியபோது, அந்நாட்டின் நூற்றுக்கணக்கான அழகிய நிலையங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கல்லால் கட்டிய மாளிகைகள் அவை. இடிக்க மனம் வருமா? சில ஊர்களில் அவற்றை உணவகங்களாக மாற்றினார்கள். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் 1886ஆம் ஆண்டில் கட்டிய நிலையம் 1970ஆம் ஆண்டில் உணவகமாயிற்று. பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பெரிய நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் 1978ஆம் ஆண்டில் சாப்பாட்டு மேசைகள் போடப்பட்டன. வண்டிக்காகக் காத்திருந்த இடத்தில் மக்கள் விருந்துக்காகக் காத்திருந்தார்கள்!

டென்னசி மாநிலத்தின் தலைநகரான நாஷ்விலில் உள்ள யூனியன் ஸ்டேஷன் இவ்வரிசையில் புகழ் பெற்றது. லூயிவில்–நாஷ்வில் இருப்புப்பாதைக் கம்பெனி கட்டிய இந்நிலையம் 1900 அக்டோபரில் திறக்கப்பட்டது. கோட்டை போன்ற கற்சுவர்கள், உயர்ந்த கோபுரம், ஏறத்தாழ 65 அடி உயரத்தில் வண்ணக் கண்ணாடி பதித்த வளைகூரை. அண்ணாந்து பார்ப்பவருக்குக் கழுத்து வலிக்கும். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் இந்நிலையத்தின் வழியே சென்றனர். 1979ஆம் ஆண்டில் கடைசிப் பயணிகள் வண்டியும் நின்றது. 1986ஆம் ஆண்டில் நிலையம் உணவகத்துடன் கூடிய தங்கும் விடுதியாயிற்று.

விடுதி வந்தது, கூடவே ஓர் ஆவியும் வந்தது.

கதை இதுதான்

அபிகேல் என்று ஓர் இளம்பெண். போருக்குச் செல்லும் காதலனை இந்நிலையத்தின் மேடையில் வழியனுப்புகிறாள். ‘திரும்பி வரும் நாளில் இதே இடத்தில் காத்திருப்பேன்’ என்று வாக்களிக்கிறாள். அந்த நாளும் வருகிறது. காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. அவன் பிரான்சில் மடிந்துவிட்டான் என்ற செய்திதான் வருகிறது. அவள் அங்கேயே ஓடும் வண்டியின் முன் விழுந்து உயிரை விடுகிறாள். அன்று முதல் அவள் ஆவி அக்கட்டடத்தை விட்டு நீங்கவில்லை. 711ஆம் எண் அறைதான் அவளுக்கு விருப்பமான இடம். அங்கே தங்குவோர் காலடி ஓசை கேட்கிறார்கள். விளக்கு தானே எரிந்து அணையக் காண்கிறார்கள். திடீரென்று குளிர் தாக்குவதை உணர்கிறார்கள்.

நெஞ்சைத் தொடும் கதை என்பதில் ஐயமில்லை. காத்திருத்தல், பிரிவு, மாறாத அன்பு மூன்றும் இதில் இருக்கின்றன. கதைக்கு இடமும் பொருத்தமானது. பிரிவுக்கென்றே கட்டப்பட்ட கட்டடம் உண்டென்றால் அது புகைவண்டி நிலையமே அல்லவா? ஆகவே கலை என்ற அளவில் இக்கதைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஆனால் இது கதையாகச் சொல்லப்படுவதில்லை, நடந்த செய்தியாகச் சொல்லப்படுகிறது. செய்தி என்றால் அதைச் சோதிக்கும் உரிமை நமக்கு உண்டு.

நான்கு இடறல்கள்

முதலாவது, பெயர். அபிகேல் என்ற பெயர் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லை. காதலனுக்கோ எந்தப் பெயரும் இல்லை. தேதியும் இல்லை. பெரிய நகரத்தின் முதன்மை நிலையத்தில், போர்க் காலத்தில், பலர் கண்முன்னே ஒரு பெண் வண்டியில் விழுந்து இறந்தால் என்ன நடக்கும்? போலீசார் வருவார்கள், மரண விசாரணை நடக்கும், இருப்புப்பாதைக் கம்பெனி குறிப்பு எழுதும், பத்திரிகை செய்தி போடும், கல்லறையில் பெயர் பொறிப்பார்கள். இத்தனை இடங்களில் எதையாவது தேடிப் பார்க்க ஒரு பிடி வேண்டுமே! அந்தப் பிடியைக் கதை கொடுப்பதில்லை. சரிபார்க்க முடியாதபடி அமைந்திருப்பதே இக்கதையின் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம்.

இரண்டாவது, காலம். அமெரிக்கத் தரைப்படை பிரான்சின் வடகரையில் இறங்கியது 1944 ஜூன் 6 அன்று. ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே 8 அன்று. ஆகவே கதையின் சோகச் செய்தி ஏறத்தாழ 11 மாத இடைவெளிக்குள் வந்திருக்க வேண்டும். அச்சமயம் வெளிநாட்டில் போரிடும் வீரன் இன்ன நாளில், இன்ன வண்டியில் வீடு திரும்புவான் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக் காத்திருப்பது எளிதன்று. போர் முடியும்வரை பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

மூன்றாவது, செய்தி வந்த வழி. அமெரிக்க வீரர் இறந்தால் போர்த் துறை தந்தி அனுப்பும். அது நெருங்கிய உறவினருக்கு, அதாவது மனைவிக்கோ பெற்றோருக்கோ, வீட்டு முகவரிக்குச் செல்லும். நிலைய மேடையில் நிற்கும் காதலிக்குச் செல்லாது. திரைப்படத்துக்கு மேடை வேண்டும். தந்திச் சேவகனுக்கு வீட்டு வாசல்தான் வேண்டும்.

நான்காவது, அறை. அவள் இறந்தது கீழே, இருப்புப்பாதையில். அவள் உலாவுவதோ மேல் மாடியில். அதுவும் 711 என்று எண்ணிட்ட அறையில். விடுதி அறைகளும் அவற்றின் எண்களும் கட்டடம் விடுதியான பிறகு வந்தவை. 1940களில் இறந்த பெண் 1986ஆம் ஆண்டில் தயாரான அறையைத் தனக்கென்று எப்படித் தேர்ந்தெடுத்தாள்? ஆவிக்கு விடுதியின் அறைப் பட்டியல் தெரியும் போலும்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே கதை உடை மாற்றிக்கொண்டு பல ஊர்களில் உலாவுவதை நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்கள் நன்கு அறிவர். இரவில் வழியில் நின்று காரில் ஏறி, வீடு வந்ததும் மறைந்துவிடும் பெண்ணின் கதைக்கு 1940களின் தொடக்கத்திலேயே இரண்டு ஆய்வாளர்கள் 79 வடிவங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். ஊர் மாறும், தெருவின் பெயர் மாறும், பெண்ணின் உடை மாறும், எலும்புக்கூடு ஒன்றே. காத்திருந்து இறந்த காதலியும் அப்படி ஊர் ஊராகச் செல்லும் பயணியே. அவளுக்குப் பயணச்சீட்டு தேவையில்லை.

அப்படியானால் விருந்தினர் பொய் சொல்கிறார்களா?

இங்கே அவசரப்படக்கூடாது. கதை தவறு என்பதால், ஓசை கேட்டேன் என்று சொல்பவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். அவர் உண்மையாகவே கேட்டிருக்கலாம். கேள்வி, எதைக் கேட்டார் என்பதே.

அந்தக் கட்டடத்தை ஒட்டி இன்றும் சரக்கு வண்டிகள் செல்லும் இருப்புப்பாதை இருக்கிறது. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள வண்டி இரவில் செல்லும்போது தரை அதிரும்; கண்ணாடி சிணுங்கும். நூறாண்டு தாண்டிய கட்டடத்தில் பகலில் சூடேறி விரிந்த மரமும் உலோகமும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ‘டக், டக்’ என்று ஒலிக்கும். அது காலடி ஓசை போலவே இருக்கும். உயர்ந்த கூரையுள்ள கூடத்தில் வெப்பக் காற்று மேலே செல்ல, குளிர்ந்த காற்று கீழே இறங்கி ஓடும். ‘திடீர்க் குளிர்’ என்பது பெரும்பாலும் இதுவே.

புதிய இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வருவதில்லை என்று நீங்களே கண்டிருப்பீர்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக் கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் இதற்கு ஒரு காரணம் கண்டார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு, மூளையின் இடப் பாதியின் ஒரு பகுதி வலப் பாதியைப் போல் ஆழ்ந்து உறங்குவதில்லை. காவற்காரன் போல் அரைக்கண் விழித்து, சிறிய ஓசைக்கும் எழுப்பிவிடுகிறது. விடுதி அறைக்கு வருவோரில் பெரும்பாலோருக்கு அது முதல் இரவுதானே? பேய்க்கு இதைவிட நல்ல கேட்போர் கிடைப்பார்களா?

ஓசை ஓசையாகவே இருக்கிறது. அதை அபிகேல் ஆக்குவது எது? 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதை எளிமையாகக் காட்டுகிறது. லாங்கே, ஹூரான் என்ற இரு ஆய்வாளர்கள் 22 பேரை ஒரு நாடக அரங்கத்தின் ஐந்து பகுதிகளைச் சுற்றி வரச் செய்தார்கள். பாதிப் பேரிடம், ‘இங்கே பேய் உலாவுகிறதாம்’ என்று முன்பே சொன்னார்கள். மறுபாதியிடம், ‘கட்டடத்தைப் புதுப்பிக்கிறார்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். அரங்கம் ஒன்றே. ஆனால் பேய் என்று கேட்டவர்களே விசித்திர உணர்வுகளை மிகுதியாகக் கண்டதாகச் சொன்னார்கள். வேறுபாடு சுவரில் இல்லை. காதில் விழுந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. 711ஆம் அறையின் கதையைக் கேட்டுவிட்டு அந்த அறையில் படுப்பவர் இதில் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

நம் பக்கத்துக் கதைகளும் உண்டு

பேயை நம்பாதவர்களும் சுவையான விளக்கம் கிடைத்தால் அதை உடனே பற்றிக்கொள்கிறோம். இதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1998ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விக் டாண்டி என்பவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய ‘சாம்பல் நிற உருவ’த்துக்குக் காரணம் ஒரு மின்விசிறி என்று எழுதினார். அவ்விசிறி வினாடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட, காதுக்குக் கேட்காத ஒலியை உண்டாக்கியது. அதுவே அச்சத்தையும் மயக்கக் காட்சியையும் தந்தது என்றார். அன்று முதல் ‘பேய் என்பது கேளா ஒலியே’ என்று பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் லண்டனில் ஒரு தனி அறை கட்டி, இத்தகைய ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் செலுத்திப் பார்த்த ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒலியும் புலமும் இருந்ததற்கும் விசித்திர உணர்வு வந்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. எளிதில் பிறர் சொல்லுக்கு வசப்படும் இயல்பே சரியான விளக்கம் போல் தோன்றியது. அறிவியல் உடை போட்டு வந்தாலும் கதையைச் சோதித்தே ஏற்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஆராய்வது ஏன் இன்றியமையாதது என்று 1921ஆம் ஆண்டில் கண் மருத்துவர் வில்மர் எழுதிய குறிப்பு காட்டுகிறது. ஒரு குடும்பம் பழைய பெரிய வீட்டில் குடியேறியது. காலடி ஓசை, விசித்திர உருவங்கள், தலைவலி, சோர்வு, வாடும் செடிகள். பேய் என்றே நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதுபட்டு, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அறைகளில் பரவியிருந்தது. உலையைச் செப்பனிட்டதும் பேய் போயிற்று. அவர்கள் பேய் என்றே நினைத்து நிறுத்தியிருந்தால் உயிரே போயிருக்கலாம். ‘பேய்’ என்னும் விடை மற்றக் கேள்விகளை நிறுத்திவிடுகிறது. அதுதான் அதன் ஆபத்து.

கதையில் இடம் பெறாத 101 பேர்

இதுவரை கதை சொல்வதைப் பார்த்தோம். இனி, அது சொல்லாமல் விடுவதைப் பார்ப்போம். என் விமர்சனத்தில் முதன்மையானது இதுதான்.

1918 ஜூலை 9 அன்று காலை, இதே யூனியன் ஸ்டேஷனிலிருந்து 4ஆம் எண் வண்டி மேற்கே மெம்பிஸ் நோக்கிப் புறப்பட்டது. மெம்பிஸிலிருந்து இரவெல்லாம் ஓடி, தாமதமாக வந்துகொண்டிருந்தது 1ஆம் எண் வண்டி. நகரை அடுத்துச் சில கிலோமீட்டர் வரை இரட்டைப் பாதை. அதற்கு அப்பால் ஒற்றைப் பாதை. எதிர் வண்டி கடந்து சென்ற பின்னரே ஒற்றைப் பாதையில் நுழைய வேண்டும் என்பது உத்தரவு. நடத்துநர் பயணச்சீட்டு வாங்குவதில் மும்முரமாக இருந்தார். பக்கத்துப் பாதையில் பெட்டிகளை இழுத்துச் சென்ற வேறொரு எஞ்சினை எதிர் வண்டி என்று தவறாக எண்ணினார்கள். கைகாட்டி நிலையத்திலிருந்தவர் தவறை உணர்ந்து அபாய ஊதலை ஒலித்தபோது வண்டி கடந்துவிட்டது. நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் டச்சுக்காரர் வளைவு என்ற இடத்தில் இரண்டு வண்டிகளும் நேருக்கு நேர் மோதின. மரப்பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நொறுங்கின.

இறந்தோர் 101 பேர் என்பது அரசு விசாரணையின் கணக்கு. காயமுற்றோர் 171 பேர். அமெரிக்க இருப்புப்பாதை வரலாற்றின் மிகக் கோரமான விபத்துகளுள் இது ஒன்று. இறந்தவர்களில் பெரும் பகுதியினர் கறுப்பினத் தொழிலாளர்கள். போருக்கான வெடிமருந்து ஆலையில் வேலைக்காகச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். நிற வேற்றுமைச் சட்டத்தின்படி அவர்களுக்கென்று ஒதுக்கிய பெட்டிகள், எஞ்சினை அடுத்து வண்டியின் முன்பகுதியில் இருந்த மரப்பெட்டிகள். மோதலின் முழு வேகமும் அவற்றின் மேல்தான் விழுந்தது. இது விதியின் செயலன்று. பெட்டிகளை எந்த வரிசையில் பூட்ட வேண்டும் என்று மனிதர் எடுத்த முடிவு.

இவர்களுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, ஆவணம் உண்டு. ஆனால் 711ஆம் அறையின் கதையில் இவர்களுக்கு இடமில்லை. ஏன்? அபிகேலின் கதையில் குற்றவாளி இல்லை. போர், காதல், விதி அவ்வளவுதான். கேட்பவர் ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த பதார்த்தத்தை வரவழைக்கலாம். 101 பேரின் கதையைக் கேட்டால் கேள்விகள் எழும். பாதையில் போதிய காப்பு ஏன் இல்லை? எஃகுப் பெட்டி வழக்கத்துக்கு வந்த பிறகும் மரப்பெட்டிகளை ஏன் ஓட்டினார்கள்? ஏன் அவர்களை முன்னால் வைத்தார்கள்? இக்கேள்விகள் சாப்பாட்டு மேசைக்கு உகந்தவை அல்ல.

விடுதிக்காரரைக் குற்றம் சொல்வது என் நோக்கமன்று. கதை சொல்லி வாடிக்கையாளரை மகிழ்விப்பது அவர் தொழில். ஆனால் கேட்பவராகிய நாம் ஒன்றை உணர வேண்டும். கற்பனையில் இறந்தவளுக்கு நாம் இரங்கிக்கொண்டிருக்கையில் உண்மையில் இறந்தவர்கள் நினைவிலிருந்து நழுவுகிறார்கள்.

பேய் மூடிய நிலையம்

அந்த விடுதியில் பேய் வாடிக்கையாளரைக் கூட்டி வருகிறது. பேய் பயணிகளை விரட்டிய நிலையம் நம் நாட்டிலேயே இருந்தது. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் உள்ள பேகுன்கோடோர் அது. 1960ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சிறு நிலையத்தில், 1967ஆம் ஆண்டில் ஓர் ஊழியர் வெள்ளைச் சேலை கட்டிய பெண்ணுருவைக் கண்டதாகவும், பிறகு இறந்துவிட்டதாகவும் பேச்சு பரவியது. ஊழியர்கள் அங்கே வேலை பார்க்க மறுத்தார்கள். நிலையம் கைவிடப்பட்டது. வண்டிகள் நில்லாமல் சென்றன.

எத்தனை ஆண்டுகள்? 42 ஆண்டுகள்! 2009ஆம் ஆண்டில்தான் மறுபடியும் வண்டி நின்றது. அந்த 42 ஆண்டுகளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்ல வேண்டிய கிராமத்தார், தம் வாசலில் ஓடிய வண்டியை வேடிக்கை பார்த்துவிட்டு வேறு நிலையம் தேடிப் போக வேண்டியிருந்தது. ஒதுக்குப்புறமான ஊரில் வேலை பார்க்க விரும்பாதவர்களே பேயைக் கிளப்பிவிட்டார்கள் என்று அவ்வூர்ப் பக்கத்தில் சொல்பவர்கள் உண்டு. நிலையம் திறந்த பின்னும் ‘பேய் நிலையம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பேய் பார்க்கவென்றே வெளியூரார் வரத் தொடங்கினார்கள். 2017 டிசம்பரில் அறிவியல் இயக்கத்தினர் சிலர் கருவிகளுடன் அங்கே ஓர் இரவு தங்கினார்கள். ஆவி எதையும் காணவில்லை. ஒலி எழுப்பிப் பயமுறுத்த முயன்ற மனிதர்களைத்தான் கண்டோம் என்று அறிவித்தார்கள்.

வெள்ளைச் சேலைக்கும் அபிகேலுக்கும் கடல் கடந்த உறவு தெரிகிறதல்லவா? இங்கும் ஊர் இல்லாத, உறவு இல்லாத ஒரு பெண். இங்கும் சரிபார்க்க ஒரு பிடி இல்லை. விலை மட்டும் வேறு. அங்கே பணம் உள்ளவர் பொழுதுபோக்குக்காக விலை கொடுக்கிறார். இங்கே ஏழை மக்கள் கால் நடையாகக் கொடுத்தார்கள்.

வாசகர்களே, பேய்க்கதை கேட்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மழை நாளில் பாட்டி சொல்லும் பேய்க்கதையின் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த முறை யாராவது ஒருவர், ‘இது நடந்த கதை’ என்று தொடங்கினால், நான்கு கேள்விகள் கேளுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில் நடந்தது? சரிபார்க்க ஏதேனும் ஒரு பிடி உண்டா? இக்கதையால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு? இதைச் சொல்வதால் எந்த உண்மைக் கதை சொல்லப்படாமல் போகிறது?

முதல் மூன்றுக்கு விடை தேடினால் பேய் ஓடிவிடும். நான்காவதற்கு விடை தேடினால், மறந்துபோன மனிதர்கள் திரும்பி வருவார்கள்.